மூட்டுவலிக்கு விற்கிற கிளவுஸ்: யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

மாட்டுத்தாவணி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 58, மதுரையில் பூ கட்டுகிற வேலை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து. மல்லிகை மொட்டை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து வாழைநாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த இழுப்பு ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று அவரே எண்ணியதில்லை. இப்போது ஏழெட்டு மாதமாகக் காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கிறார். குழாயைத் திறக்கத் தம்பியைக் கூப்பிடுகிறார்.

நான் சென்னையில் இருக்கிறேன். போன மாதம் ஆன்லைனில் 549 ரூபாய்க்கு ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கி அனுப்பினேன், விரல் நுனி திறந்திருக்கும், இறுக்கிப் பிடிக்கும், 'காப்பர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. முதல் நாள் ராத்திரி போட்டுத் தூங்கிவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய்க் கழற்றி எறிந்துவிட்டார். பகலில் போட்டால் பூவிலிருக்கிற தண்ணீர் ஏறி ஊறிவிடுகிறது, நார் வேறு துணியில் சிக்குகிறது. அளவு தப்பா, கிளவுஸே தப்பா, இல்லை நான்தான் தப்பா?

சும்மா வந்தவன்

தப்பு 549 ரூபாய். காப்பர் என்பதெல்லாம் வியாபாரம். நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லுங்கள்.

பிசியோ_கோவை

அவசரப்படாதீர்கள் இரண்டு பேரும். முதலில் அளவு விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். தையல்காரர் டேப்பை எடுத்து, கட்டைவிரலை விட்டுவிட்டு, மற்ற நாலு விரலும் தொடங்குகிற முட்டிகளைச் சுற்றி அளக்க வேண்டும். வீக்கம் அதிகமாக இருக்கிற நேரத்தில் அளக்க வேண்டும், அம்மாவுக்கு அது அநேகமாகக் காலை. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். போட்ட பிறகு நகத்தை அழுத்தி விடுங்கள், வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்கு வந்தாக வேண்டும். வரவில்லை என்றாலோ, நுனி நீலமாகவோ சில்லென்றோ ஆனாலோ, அந்த கிளவுஸ் வேண்டாம்.

ஆனால் எனக்குக் கிளவுஸை விட மற்ற விஷயம்தான் உறுத்துகிறது. மூன்று கேள்வி. காலையில் பிடித்த இறுக்கம் எத்தனை மணிக்கு விடுகிறது? வலி எந்த மூட்டில், விரல் நுனிப் பக்கமா, நடுவிலா, கையோடு சேருகிற முட்டியிலா? ராத்திரி மரத்தது எந்த விரல்கள்? அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

பழைய டைப்பிஸ்ட்

பிசியோ தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 67. முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் டைப்பிஸ்ட். இரண்டு கையிலும் விரல் நுனிக்கு அடுத்த மூட்டில் கொண்டைக்கடலை மாதிரி எலும்பு முண்டு முண்டாக வந்திருக்கிறது. டைப் அடித்ததால் வந்தது என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன், டாக்டர் "உங்க அம்மா விரலும் இப்படித்தானே இருந்திருக்கும்" என்றார். இருந்தது. என் அம்மா ஒரு நாளும் டைப் அடித்ததில்லை, எங்கள் ஆச்சியின் விரலும் அப்படித்தான். இது தேய்மானம். இந்த முண்டுக்கு ஹெபர்டன் என்கிற 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கிளவுஸ் இரண்டு வருஷமாகப் போடுகிறேன். மார்கழி, தையில் ராத்திரி போட்டுத் தூங்குவேன். மற்ற நாளில் காலையில் பேப்பர் படிக்கிற ஒரு மணி நேரம் மட்டும். முண்டு கரையவில்லை, கரையாது. ஆனால் கையை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு கதகதப்பு, அதில் வலி கொஞ்சம் அடங்குகிறது. அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதில்லை. சித்திரை, வைகாசியில் பீரோவுக்குள் போய்விடும். அந்தப் புழுக்கத்தில் போட்டால் வலியோடு வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும்.

மாட்டுத்தாவணி

கேட்டுவிட்டேன். அரை மணி நேரம் போனில் பேசினோம், வலியைப் பற்றி அம்மா என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

இறுக்கம் விட ஒன்பதரை மணி ஆகிறதாம். அவர் எழுந்திருப்பது நாலரைக்கு. வலியும் வீக்கமும் கையோடு சேருகிற முட்டி வரிசையிலும் நடு மூட்டிலும், இரண்டு கையிலும், மணிக்கட்டிலும். நுனி மூட்டில் ஒன்றும் இல்லை. மரத்துப்போவது வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். சுண்டுவிரல் மரப்பதில்லை. கிளவுஸ் வருவதற்கு முன்னாலேயே இது இருந்திருக்கிறது, கையை உதறினால் சரியாகிவிடும் என்று எங்களிடம் சொல்லவேயில்லை. இன்னொன்று, கல்யாண மோதிரம் சோப்புப் போட்டும் வராமல் போன ஐப்பசியில் ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தார்களாம். அதுவும் இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் மாதாமாதம் ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி. ஒரு ரத்தப் பரிசோதனைகூட எழுதித் தரவில்லை.

பிசியோ_கோவை

நன்றி, இதைத்தான் எதிர்பார்த்துப் பயந்தேன். நான் டாக்டர் இல்லை, இங்கே உட்கார்ந்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆனால் தேய்மானத்தில் வருகிற காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், டைப்பிஸ்ட் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். ஐந்து மணி நேரம் விடாத இறுக்கம், இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம், நுனி மூட்டை விட்டுவிட்டு முட்டியிலும் மணிக்கட்டிலும் வலி, இதெல்லாம் முடக்கு வாதமா என்று உடனே பார்க்கச் சொல்கிற அடையாளங்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ஜவ்வைத் தாக்குகிற நோய் அது. விட்டால் எலும்பை அரிக்கும், அரித்தது திரும்ப வளராது. முதல் சில மாதத்துக்குள் மருந்து தொடங்கினால் கிடைக்கிற பலன் பிறகு கிடைப்பதில்லை. ஆகவே கிளவுஸைப் பிறகு பார்ப்போம், முதலில் ருமட்டாலஜி டாக்டர், அதாவது மூட்டுவாத நிபுணர். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்தால் "ஒன்றும் இல்லை" என்று திரும்பி வந்துவிடாதீர்கள், நெகட்டிவாக இருந்தும் இந்த நோய் இருப்பவர்கள் உண்டு.

மரத்துப்போகிற மூன்று விரல் தனிக்கதை. மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்து இருக்கிறது, அதன் வழியாகத்தான் அந்த மூன்று விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் நரம்பு போகிறது. மணிக்கட்டு வீங்கினால் சந்தில் நரம்பு நசுங்கும். ராத்திரி கையை மடக்கி வைத்துத் தூங்கினால் இன்னும் நசுங்கும். அதற்கு மேல் இறுக்கமான கிளவுஸும் போட்டால் அம்மா இரண்டு மணிக்கு எழுந்ததில் ஆச்சரியமில்லை. இதற்கு வேண்டியது கிளவுஸ் இல்லை, மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கிற ஸ்ப்ளின்ட். உள்ளே ஒரு அலுமினியப் பட்டை இருக்கும், ராத்திரி மட்டும் போட்டால் போதும்.

பழைய டைப்பிஸ்ட்

எனக்குப் பத்து நிமிஷம். எழுந்து வெந்நீரில் கையை வைத்து இரண்டு தடவை மடக்கினால் சரி. ஐந்து மணி நேரம் என்றால் அது நிச்சயம் என் நோய் இல்லை அம்மா. சீக்கிரம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சும்மா வந்தவன்

எண்ணெய் தடவச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், டாக்டரிடம் போங்கள். ஆனால் கிளவுஸ் விஷயத்தில் நான் சொன்னது சரிதான், அதை விட மாட்டேன். இங்கிலாந்தில் 206 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2021இல் வெளியானது. கையில் வலி இருக்கிற முடக்கு வாதக்காரர்கள், அந்த வகையைச் சேர்ந்த மற்ற மூட்டழற்சிக்காரர்கள். பாதிப் பேருக்கு இறுக்கிப் பிடிக்கிற நிஜ கிளவுஸ், பாதிப் பேருக்குச் சும்மா தொளதொள கிளவுஸ். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோஷ்டிக்கும் வலியில் வித்தியாசமே இல்லை. காப்பரைக் கேட்டால், யார்க் பல்கலைக்கழகத்தில் 2013இல் முடக்கு வாதக்காரர்கள் 70 பேருக்குக் காப்பர் வளையமும் காந்தப் பட்டையும் போட்டுப் பார்த்தார்கள், வலிக்கும் பிரயோஜனம் இல்லை, வீக்கத்துக்கும் இல்லை.

பழைய டைப்பிஸ்ட்

வித்தியாசம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? இரண்டு கோஷ்டிக்கும் ஒன்றும் ஆகவில்லையா, இல்லை இரண்டு கோஷ்டிக்கும் கொஞ்சம் குறைந்ததா?

சும்மா வந்தவன்

...இரண்டு கோஷ்டிக்கும் கொஞ்சம் குறைந்தது.

பழைய டைப்பிஸ்ட்

அப்படிச் சொல்லுங்கள்.

பிசியோ_கோவை

இரண்டு பேருமே ஜெயித்தீர்கள். அந்த ஆய்வில் போட்டவர்கள் பலரும் சொன்னது கதகதப்புதான் சுகமாக இருந்தது என்று. அப்படியானால் இறுக்கத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை, கையைச் சூடாக வைக்கிற எந்தச் சாதாரண கிளவுஸும் ஓரளவு அதே வேலையைச் செய்யும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, போட்டால் சுகமாக இருக்கிறதா, போடுங்கள். இல்லையா, உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. போட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் மெழுகை உருக்கிக் கையை முக்கி எடுக்கிறோமே, அதுவும் கதகதப்புதான், வலி அடங்குகிற அந்த நேரத்தில் விரல் பயிற்சி செய்ய வைப்பதற்காகச் செய்கிறோம். வீட்டில் மெழுகை உருக்கிச் சுட்டுக்கொள்ளாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

கட்டைவிரலின் அடியில் வலி இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. நுனியில் 1 கிலோ அளவுக்குக் கிள்ளிப் பிடித்தால் கட்டைவிரலின் அடி மூட்டில் சுமார் 12 கிலோ விழுகிறது, 1970களில் அளந்து போட்ட கணக்கு. பூ கட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, சாவி திருப்புவது எல்லாம் கிள்ளல்தான். துணி கிளவுஸ் அந்தச் சுமையைத் தாங்காது. அதற்குக் கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கிற கெட்டியான பட்டை வேண்டும், இல்லையென்றால் பிடிக்கிற பொருளைத் தடிமனாக்க வேண்டும். கரண்டிக் காம்பில் பழைய துணியைச் சுற்றுங்கள். துணி பிழிவதற்கு, குழாயைச் சுற்றித் துணியைப் போட்டு இரண்டு நுனியையும் சேர்த்து ஒரே பக்கமாக முறுக்கினால் விரலுக்குப் பாதி வேலை மிச்சம். பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுங்கள்.

பனியன் ஊர்க்காரன்

திருப்பூரிலிருந்து. மருத்துவம் தெரியாது, துணி தெரியும். இந்த கிளவுஸ் முக்கால்வாசி நைலானும் ஸ்பாண்டெக்ஸும் (நாம் லைக்ரா என்கிறோமே அது) கலந்தது, கொஞ்சம் பருத்தி சேர்ந்ததும் உண்டு. இழுவை முழுக்க லைக்ராவில்தான் இருக்கிறது. அது வெந்நீருக்கும் ப்ளீச்சுக்கும் ஆகாது. மெஷினில் போட்டு, வெயிலில் காயவைத்து, இஸ்திரியும் போட்டால் எலாஸ்டிக் போன காலுறை கதைதான். பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, முறுக்காமல், டவலில் உருட்டி ஈரத்தை எடுத்துவிட்டு நிழலில் போடுங்கள். வாங்கும்போது உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள், தையல் முண்டு வெளியே இருந்தால் நல்லது, உள்ளே இருந்தால் வீங்கிய விரலில் ராத்திரி முழுக்கக் கோடு போட்டுவிடும். அக்கா அனுப்பிய கிளவுஸில் நார் சிக்குகிறது என்றால் நூல் கண்ணி இழுத்து ஓட்டை விழப்போகிறது, வேலைக்குப் போட வேண்டாம்.

வடலி

நான் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறன், ஊர் பருத்தித்துறைப் பக்கம். ஒரு விஷயம் ஒருவரும் எழுதவில்லை, அதால எழுதுகிறேன். எனக்குக் குளிரில் விரல் முதலில் கடதாசி போல வெள்ளையாகும், பிறகு நீலம், சூடேறும்போது சிவந்து குத்தும். கன வருஷமாக மூட்டுவலி என்று நினைத்து இந்த இறுக்கமான கிளவுஸைத்தான் போட்டுத் திரிந்தேன். இது ரேனோ என்ற வேறு வருத்தம், ரத்தக்குழாய் சுருங்குகிறது, இறுக்கினால் கூடும் என்று டொக்டர் சொன்னவ. இப்ப நாலு விரலும் ஒன்றாக இருக்கிற தொளதொளத்த கம்பளிக் கிளவுஸ், உள்ளே ஒரு மெல்லிய கிளவுஸ். பெட்டியில் இருந்து குளிர்சாமான் எடுக்கக்கூட அதைப் போட்டுத்தான் எடுக்கிறது. உங்கட அம்மா ஐஸ் பெட்டியில் வைத்த பூவைத் தொடும்போது விரல் வெளுக்கிறதா என்று ஒருக்கால் கேளுங்கோ. முடக்கு வாதத்தோடயும் இது வரும்.

மாட்டுத்தாவணி

வடலி அக்கா, கேட்டேன். வெளுப்பதில்லையாம். கேட்கத் தோன்றியதற்கு நன்றி அக்கா.

நெல்லை அண்ணாச்சி

வாரேன் வாரேன் என்று கடைசியில் வந்தேன். எனக்கு இருபது வருஷச் சர்க்கரை. போன ஆடி அமாவாசைக்குக் கோயிலில் கையைக் கூப்பினேன், உள்ளங்கை இரண்டும் ஒட்டவில்லை. நடுவே ஒரு எலுமிச்சம்பழம் போகிற இடைவெளி. வலி அவ்வளவாக இல்லை, விரல் நேராக நீளவில்லை, அவ்வளவுதான். மகன் இந்த கிளவுஸ்தான் வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை டாக்டர் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறிக் கிடந்தால் கையின் தோலும் நாரும் தடித்து இப்படி ஆகும், கும்பிடச் சொல்லித்தான் நாங்கள் கண்டுபிடிப்போம் என்றார். கிளவுஸ் மகனுடைய பைக்கில் இருக்கிறது, வண்டி துடைக்கிறான்.

2006 சிக்குன்குனியா ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு பேர் குனிந்துகொண்டு நடந்தோம். காய்ச்சல் நாலே நாள், கை முட்டி வலி எனக்கு ஒரு வருஷம். அப்போது முடக்கத்தான் தோசைதான் சாப்பிட்டோம். வலி போயிற்றா என்று கேட்காதீர்கள், தோசை நன்றாக இருந்தது.

நெறியாளர்

ஒரு எண்ணெய் விளம்பரத்தை நீக்கியிருக்கிறேன். மூன்றாவது தடவை வந்தால் கணக்கையும் நீக்குவேன்.

மாட்டுத்தாவணி

நாலு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய் அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், ஆன்டி சி.சி.பி. பாசிட்டிவ். பிசியோ சார் சொல்லியிருக்காவிட்டால் முதல் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நான் ரயில் ஏறியிருப்பேன். முடக்கு வாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரே நாள், அம்மாவுக்கு ஞாயிறு. தினமும் போட்டுவிட்டால் ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார்கள். தம்பி அந்த அட்டையை மட்டும் தனி டப்பாவில் வைத்து மேலே 'ஞாயிறு' என்று எழுதி ஒட்டியிருக்கிறான். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகுமாம், இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும்.

வலது கைக்கு ராத்திரி ஸ்ப்ளின்ட். முதல் மூன்று நாள் "கட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருக்கிறது" என்று திட்டினார், நாலாவது நாளிலிருந்து இரண்டு மணி எழுச்சி நின்றுவிட்டது. பூ வேலையை விடச் சொன்னதற்கு என்னை முறைத்த முறைப்பை இங்கே எழுத முடியாது. இப்போதைக்குச் சித்தி வந்து முதல் இரண்டு மணி நேரம் கட்டுகிறார், அம்மா மொட்டுப் பிரித்துக் கொடுக்கிறார், கை இறுக்கம் விட்ட பிறகு மாற்றிக்கொள்கிறார்கள். வாழைநாரை நன்றாக ஊறவைத்தால் இழுக்கிற பலம் குறைகிறதாம், அது அவரே கண்டுபிடித்தது.

கிளவுஸ்? அளந்து பார்த்தால் ஒரு அளவு சின்னது. திருப்பி எடுக்கிற தேதி போய்விட்டது. பெரிய அளவில் வேறு ஒன்று 180 ரூபாய்க்கு, காப்பர் இல்லாமல், வாங்கினேன். எழுந்ததும் போட்டுக்கொண்டு டீ குடிக்கிறார். ஒரு கையால் இன்னும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா "என்னக்கா கை சுட்டுக்கிருச்சா" என்று கேட்டிருக்கிறார், அன்றிலிருந்து வாசலுக்கு வந்தால் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ஸ்ப்ளின்டில் இருக்கிற வெல்க்ரோ சேலையில் ஒட்டி நூலை இழுக்கிறது. என்ன செய்வது?

பனியன் ஊர்க்காரன்

பழைய காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டுக் குழாய்ப் பகுதியை ஸ்ப்ளின்டுக்கு மேலே ஏற்றிவிடுங்கள் அக்கா. எலாஸ்டிக் போன காலுறையாக இருக்கட்டும், இறுக்கக் கூடாது.

சும்மா வந்தவன்

அந்தச் சின்ன அளவு கிளவுஸை விற்கிறீர்களா? கேலி இல்லை, என் மனைவியின் கை சின்னது. தை மாதம் காலையில் விரல் பிடிக்கிறது என்கிறாள். இறுக்கம் எத்தனை மணிக்கு விடுகிறது என்று கேட்டுவிட்டேன், பத்து நிமிஷம்தானாம்.